ஜெயித்துவிட்ட ஆட்டத்தில் பேக்கப் குவார்ட்டர்பேக்கை எப்போது இறக்குவது?

2019 நவம்பர் 16, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் ஒன்று. ஸ்டார்க்வில் ஊரில் மிசிசிப்பி ஸ்டேட் அணியை அலபாமா 35-7 என்று முந்திக்கொண்டிருந்தது. முதல் பாதி முடியச் சில நிமிடங்களே பாக்கி. அலபாமாவின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பந்தை எறிபவர்) டுவா டாகோவைலோவா அதற்கு ஒரு மாதம் முன்புதான் கணுக்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். பந்தோடு நழுவி ஓடியவரை இரண்டு பேர் சேர்ந்து பிடித்து வீழ்த்தினார்கள். இடுப்பு மூட்டு விலகி, எலும்பும் உடைந்தது. அந்த சீசன் அவருக்கு அங்கேயே முடிந்தது. பேக்கப், அதாவது மாற்று ஆள், மேக் ஜோன்ஸ் ஏற்கெனவே ஓரத்தில் தயாராகிக்கொண்டிருந்தார், அதுதான் டுவா ஆட வேண்டிய கடைசி டிரைவ் (பந்து ஒரு அணியின் கையில் இருக்கும் ஒரு தொடர் முயற்சி) என்று பயிற்சியாளர் நிக் சேபன் பிறகு சொன்னார்.

28 புள்ளி முன்னிலையில் டுவா ஏன் இன்னும் களத்தில் இருந்தார் என்று அப்போது எல்லாரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு இரண்டு வாரம் கழித்து நடந்தது. ஆபர்ன் அணியிடம் அலபாமா 48-45 என்று தோற்றது. மேக் ஜோன்ஸ் அன்று 4 டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) பாஸ் போட்டார். அதே ஆட்டத்தில் அவர் எறிந்த 2 பாஸ்களை ஆபர்ன்காரர்கள் இடைமறித்துப் பிடித்து, அப்படியே ஓடி டச் டவுன் ஆக்கினார்கள். 2014-ல் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் முறை வந்த பிறகு அலபாமா அதில் இடம்பெறாமல் போன முதல் வருடம் அதுதான். அடுத்த வருடம் அதே ஜோன்ஸ் 4,500 யார்டு, 41 டச் டவுன் என்று எறிந்து, ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், இறுதிப் போட்டியில் ஒஹாயோ ஸ்டேட்டை 52-24 என்று வென்றார். திறமை 2019-லேயே இருந்தது. நெருக்கடியில் ஆடிய பழக்கம்தான் குறைவாக இருந்தது.

அதனால் இந்தக் கட்டுரையில் நான் எடைபோடப் போவது ஒன்றைத்தான்: ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால், கல்லூரி அணி ஒன்று தன் பேக்கப் குவார்ட்டர்பேக்கை எப்போது, எப்படி இறக்கினால் அவர் உண்மையிலேயே தேறுவார்?

அமெரிக்க ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. களத்தில் இருக்கும் 11 பேரில் மற்ற இடங்களில் ஆட்கள் அடிக்கடி மாறிக்கொண்டே இருப்பார்கள். ஓடுகிறவர்கள், பந்து பிடிக்கிறவர்கள், டிஃபென்ஸ்காரர்கள் என்று எல்லாரும் மூச்சு வாங்க வெளியே போய் வருவார்கள். குவார்ட்டர்பேக் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொரு ஸ்நாப்பிலும் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும்போது) பந்து அவர் கைக்குத்தான் வரும், ஒவ்வொரு முடிவும் அவருடையது. ஆகவே இரண்டாவது ஆள் பல வாரம் ஒரு பந்துகூடத் தொடாமல் ஓரத்தில் நிற்பார். கிரிக்கெட்டில் தொடரை வென்றபின், வெளியே உட்கார்ந்திருந்தவரைக் கடைசி ஆட்டத்தில் இறக்கிப் பார்ப்பார்கள் இல்லையா, அந்த வசதி இங்கே கிடையாது. கல்லூரி சீசனில் வழக்கமான ஆட்டமே 12-தான், ஒவ்வொன்றும் கணக்கில் வரும். கிடைக்கும் ஒரே வாய்ப்பு, ஏற்கெனவே ஜெயித்துவிட்ட ஆட்டத்தின் மீதி நேரம்.

ஸ்டார்ட்டரையே கடைசி வரை ஆட விடுவது

முதல் வழி எதையும் மாற்றாமல், ஸ்டார்ட்டரையே, அதாவது வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்கும் ஆளையே, வைத்திருப்பது. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2006 அக்டோபர் 21 அன்று நார்த்வெஸ்டர்ன் அணி 38-3 என்று முன்னிலையில் இருந்தது, மிச்சிகன் ஸ்டேட் 41-38 என்று ஜெயித்தது. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-லில் 2022 டிசம்பரில் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் இடைவேளையில் 33-0 என்று இருந்து, கூடுதல் நேரத்தில் மின்னசோட்டாவிடம் 39-36 என்று தோற்றது. இதையெல்லாம் பார்த்த எந்தப் பயிற்சியாளருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

அப்புறம் தரவரிசை. ஒரு காலத்தில் கல்லூரி ஃபுட்பாலின் தேசியத் தரவரிசையைக் கணிக்கும் கணினிக் கணக்குகளில் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தீர்கள் என்பதும் சேர்ந்திருந்தது. 2002 சீசனுக்கு முன் அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் மனிதர்கள் உட்கார்ந்து அணிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, 31-17 என்பதும் 52-10 என்பதும் ஒரே மாதிரி தெரிவதில்லை. ஸ்டார்ட்டருக்கும் தன் எண்ணிக்கைகள் முக்கியம். ஹைஸ்மன் விருது (சிறந்த கல்லூரி வீரருக்கானது), என்.எஃப்.எல் தேர்வு எல்லாம் அதில் தொங்குகின்றன.

இவ்வளவு இருந்தும் இந்த வழியை நான் ஏற்கவில்லை. காயம் ஒரு காரணம். ஆனால் அது முழுக் காரணம் ஆகாது, ஏனென்றால் காயம் நேரம் பார்த்து வருவதில்லை. 2023 நவம்பர் 18-ல் ஃபுளோரிடா ஸ்டேட்டின் ஜோர்டன் டிராவிஸ் கால் உடைந்தது, நார்த் அலபாமா என்ற சிறிய அணிக்கு எதிரான ஆட்டத்தின் முதல் குவார்ட்டரில். அப்போது முன்னிலையும் இல்லை, 13-0 என்று பின்தங்கியிருந்தார்கள். ஸ்டார்ட்டரை எப்போது வெளியே எடுப்பது என்று எவ்வளவு கவனமாகத் திட்டம் போட்டிருந்தாலும் அந்தக் காயத்தைத் தடுத்திருக்க முடியாது.

அந்த சீசனில் பிறகு நடந்ததைப் பார்த்தால் பேக்கப்பின் மதிப்பு தெரியும். அந்த ஆட்டத்தை 58-13 என்று வென்றார்கள். அடுத்த வாரம் டேட் ரோட்மேக்கர் ஃபுளோரிடாவை வென்று கொடுத்தார், ஆனால் தலையில் அடிபட்டு வெளியேறினார். மூன்றாவது ஆளான பிராக் கிளென் என்ற முதலாண்டு மாணவர் கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகள் சேர்ந்த லீக்) இறுதிப் போட்டியில் இறங்கினார். லூயிவில்லை 16-6 என்று வென்றார்கள். கிளென் எறிந்து கிடைத்தது மொத்தமே 55 யார்டு. 13 ஆட்டமும் வென்று முடித்த அணியைத் தேர்வுக் குழு நான்கு அணி பிளேஆஃபில் சேர்க்கவில்லை. டிராவிஸ் இல்லாத ஃபுளோரிடா ஸ்டேட் வேறொரு அணி என்பதே குழுவின் வாதம். தோற்காத பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஒருவர் அப்படி விடுபட்டது அதுவே முதல் தடவை. அது நியாயமா என்று நான் இன்னும் கேட்பேன், எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது: உங்கள் இரண்டாவது, மூன்றாவது குவார்ட்டர்பேக்கும் உங்கள் சீசனின் பகுதி.

கடைசி எட்டு நிமிடம், ஹேண்ட்-ஆஃப் மட்டும்

பெரும்பாலான அணிகள் செய்வது இது. நான்காம் குவார்ட்டரின் பாதியில் பேக்கப் உள்ளே வருவார். அவரோடு சேர்த்து இரண்டாம் வரிசை லைன் (குவார்ட்டர்பேக்கைக் காத்து முன்னால் நிற்பவர்கள்), இரண்டாம் வரிசை ரிசீவர்கள் (பாஸ் பிடிக்கிறவர்கள்) எல்லாரும் வருவார்கள். பந்தை வாங்கி ஓடுகிறவர் கையில் கொடுப்பார், மறுபடி கொடுப்பார், பிறகு பண்ட், அதாவது பந்தை எதிரணியிடம் உதைத்துவிடுவது. நேரம் ஓடும். ஆட்டம் முடியும். புள்ளிவிவரத்தில் அவர் ஒரு ஆட்டம் ஆடியதாகப் பதிவாகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்நாப்புக்கு 40 விநாடி. கடிகாரம் நிற்காமல் ஓடினால் மூன்று ஹேண்ட்-ஆஃபில் இரண்டு நிமிடம் போய்விடும். எட்டு நிமிடத்தில் எதிரணியும் தன் பங்குக்குப் பந்தை வைத்திருக்கும். பேக்கப்புக்கு இரண்டு டிரைவ் கிடைத்தால் அதிகம். அதில் அவர் பாஸ் எறிவது ஒன்றோ இரண்டோ. டிஃபென்ஸைப் பார்த்து பிளேயை (முன்பே வகுத்த நகர்வை) மாற்றிச் சொல்வது, மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) ஏழு யார்டு தேவைப்படும்போது யாருக்கு எறிவது என்று இரண்டரை விநாடியில் முடிவெடுப்பது, பக்கவாட்டில் ஒருவன் பாய்ந்து வருவது தெரிந்தும் பந்தை விடாமல் நிற்பது, இவைதான் குவார்ட்டர்பேக்கின் வேலை. இதில் எதுவும் அந்த எட்டு நிமிடத்தில் நடக்காது. 2023-லிருந்து கல்லூரி ஆட்டத்தில் முதல் டவுன் கிடைத்ததும் (அந்தப் பத்து யார்டைக் கடந்ததும்) கடிகாரம் நிற்பதில்லை, ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தைத் தவிர. ஆகவே இந்த மிச்ச நேரம் முன்பைவிட இன்னும் சுருங்கிவிட்டது.

இந்த வழியில் இன்னொரு தீமை இருக்கிறது, அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. இரண்டாம் வரிசை லைனுக்குப் பின்னால் நிற்கும் பேக்கப்புக்குப் பாஸ் எறியச் சொன்னால், பல சமயம் எதிரணியின் முதல் வரிசை டிஃபென்ஸ் இன்னும் களத்தில் இருக்கும். தோற்றுக்கொண்டிருப்பவர்கள் கோபத்தோடும் இருப்பார்கள். அந்தப் பையன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கீழே கிடப்பான். அதிலிருந்து அவன் கற்றுக்கொள்வது பயந்து ஓடுவதை மட்டும்தான்.

பயிற்சியாளர்கள் ஏன் இதையே விரும்புகிறார்கள் என்றால், மரியாதை. தோற்ற அணி மேல் மேலும் புள்ளி சேர்ப்பது அமெரிக்க ஃபுட்பாலில் அசிங்கமாகவே பார்க்கப்படுகிறது. அந்த உணர்வு சரியானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் பேக்கப் பாஸ் எறிவதே அவமரியாதை என்று நினைப்பது தவறு. 2023 செப்டம்பரில் என்.எஃப்.எல் அணியான மயாமி டால்பின்ஸ் டென்வரை 70-20 என்று வென்றபோது, பேக்கப் மைக் வைட் 68 யார்டு டச் டவுன் பாஸ் ஒன்று போட்டார். அது அவர் வேலை. ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு ஃபீல்ட் கோல் அடித்திருந்தால் 73 புள்ளி ஆகி, 1966-ல் வாஷிங்டன் எடுத்த 72 புள்ளி சாதனை முறிந்திருக்கும். பயிற்சியாளர் மைக் மெக்டேனியல் அதைச் செய்யாமல் முட்டிபோட்டு முடிக்கச் சொன்னார். கோடு எங்கே என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆடுகிறவன் ஆட்டத்தை ஆடலாம், பயிற்சியாளர் சாதனைக்காகவும் பழிக்காகவும் புள்ளி தேடக்கூடாது.

மூன்றாம் குவார்ட்டரின் தொடக்கத்திலேயே, முழு பிளேபுக்கோடு

நான் ஆதரிப்பது இந்த வழியை. இடைவேளையில் முன்னிலை போதுமான அளவு இருந்தால், இரண்டாம் பாதியின் முதல் டிரைவிலிருந்தே பேக்கப் இறங்க வேண்டும். அவரோடு முதல் வரிசை லைன் ஐந்து பேரும் இருக்க வேண்டும். அந்த வாரம் ஸ்டார்ட்டருக்காகத் தயாரித்த ஆட்டத்திட்டம் முழுக்க அவருக்கும் திறந்திருக்க வேண்டும்.

இடைவேளை ஏன் நல்ல நேரம் என்றால், அவருக்கு நிதானமாகத் தயாராக நேரம் கிடைக்கிறது. கல்லூரி ஆட்டத்தில் இடைவேளை 20 நிமிடம். ஆட்டத்தைச் சொல்லித்தரும் பயிற்சியாளரோடு உட்கார்ந்து, முதல் பாதியில் எதிரணி என்ன செய்தது என்று படம் பார்த்து, எந்தப் பத்து பிளேக்களை முதலில் ஆடுவது என்று பேசி முடிவு செய்யலாம். கையைச் சூடாக்கிக்கொள்ளலாம். எதிரணியும் அப்போது இன்னும் கைவிட்டிருக்காது. அவர்களுடைய பயிற்சியாளர் அறையில் கத்தியிருப்பார், முதல் வரிசை டிஃபென்ஸ் வெறியோடு வெளியே வரும். அந்த முதல் டிரைவ் ஒன்றே, எட்டு நிமிட ஹேண்ட்-ஆஃபில் பத்து ஆட்டம் ஆடியதற்குச் சமம் என்பேன்.

லைனை உடனே மாற்றக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். முதலில் குவார்ட்டர்பேக், இரண்டு டிரைவ் கழித்து ரிசீவர்கள், அதற்குப் பிறகு லைன். இப்படி ஒவ்வொன்றாக மாற்றினால், பாஸ் தவறினால் யார் தவறு என்று தெரியும். எல்லாரையும் ஒரே நேரத்தில் மாற்றினால் ஒன்றுமே தெரியாது. லைன்காரர்களுக்கும் காயம் வரலாமே என்பார்கள். வரலாம். அதனால்தான் இரண்டு டிரைவ் என்கிறேன்.

எதிரணியிடம் மரியாதையும் இதில் கெடாது. ஒவ்வொரு ஸ்நாப்புக்கும் கடிகாரத்தை ஐந்து விநாடி மிச்சமிருக்கும் வரை ஓட விடலாம். ஏமாற்று பிளேக்களை மூட்டை கட்டி வைக்கலாம். நான்காவது டவுனில் தூரம் இருந்தால் பண்ட் செய்யலாம். மற்றபடி குறுகிய பாஸ், நடுத்தர பாஸ் எல்லாம் வழக்கம்போல. நான்காம் குவார்ட்டரில் வேண்டுமானால் ஹேண்ட்-ஆஃபுக்குப் போய்க்கொள்ளலாம், அதற்குள் அவர் ஆட வேண்டியதை ஆடியிருப்பார்.

சேபனின் அலபாமாவே 2018-ல் ஏறக்குறைய இதைச் செய்தது. அந்த சீசனின் முதல் பாதியில் டுவா நான்காம் குவார்ட்டரில் களத்தில் இருந்ததே அபூர்வம். முன்னிலை அவ்வளவு பெரிதாக இருந்தது. ஜேலன் ஹர்ட்ஸ் அந்த நேரங்களில் ஆடினார். டிசம்பர் 1 அன்று எஸ்.இ.சி கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டியில் ஜார்ஜியா 28-21 என்று முன்னே நிற்க, டுவா காயத்தோடு வெளியேற, ஹர்ட்ஸ் இறங்கி 35-28 என்று வென்று கொடுத்தார். ஹர்ட்ஸ் அதற்கு முன்பே இரண்டு வருடம் ஸ்டார்ட்டராக இருந்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும், அவரை ஒரு புதுப் பையனோடு ஒப்பிட முடியாது. ஆனால் அந்த வருடம் முழுக்க ஓரத்தில் உறைந்து நின்றிருந்தால் அன்று அப்படி ஆடியிருப்பாரா என்பது சந்தேகம்தான். அந்த வருடம் ஹைஸ்மன் விருதில் டுவா கைலர் மரேவுக்கு அடுத்து இரண்டாவது வந்தார். நான்காம் குவார்ட்டரில் உட்கார்ந்தது அவர் பெயரைக் குறைத்துவிடவில்லை.

சரி, எத்தனை புள்ளி இருந்தால் "போதுமான முன்னிலை"? ஒரு டச் டவுனில் அதிகபட்சம் 8 புள்ளி எடுக்கலாம். 25 புள்ளி இருந்தால் எதிரணிக்கு நான்கு டச் டவுனாவது வேண்டும். ஒரு பாதியில் ஒரு அணிக்கு ஏறக்குறைய ஆறு தடவை பந்து கிடைக்கும். அதில் நான்கில் டச் டவுன் போட்டு, நாம் ஒரு புள்ளிகூட எடுக்காமல் இருந்தால்தான் ஆபத்து. ஆகவே இடைவேளையில் 25, மூன்றாம் குவார்ட்டர் முடிவில் 17, இது என் எல்லை. எதிரணி பாஸ் எறிவதில் பலமானது என்றால் ஒரு டச் டவுன் கூட்டிக்கொள்ளலாம். நார்த்வெஸ்டர்னை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு பதில் உண்டு. ஃபுட்பாலில் வெளியே போனவர் திரும்பி உள்ளே வரலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். பேஸ்பாலிலும் உலகக் கால்பந்திலும் அது முடியாது. முன்னிலை 14-க்கு இறங்கினால் ஸ்டார்ட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வரட்டும். இந்த ஒரு விதியே இந்த வழியின் அபாயத்தைப் பெரும்பகுதி குறைத்துவிடுகிறது. அதற்கு ஸ்டார்ட்டர் இரண்டாம் பாதி முழுக்க உடம்பை ஆறவிடாமல், தொப்பியும் இயர்போனுமாக நிற்காமல், தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்று, இந்த எல்லையை வெள்ளிக்கிழமையே எழுதி வைத்துவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவில் முடிவு செய்வதாக இருந்தால் "இன்னும் ஒரே ஒரு டிரைவ்" என்றுதான் எந்தப் பயிற்சியாளருக்கும் தோன்றும்.

ஸ்கோர் எதுவானாலும் ஒரு டிரைவ் ஒதுக்குவது

முன்னிலைக்குக் காத்திராமல், இரண்டாம் குவார்ட்டரின் முதல் டிரைவ் பேக்கப்புக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுவது இன்னொரு வழி. கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்தது கிடையாது, ஏனென்றால் ஆட்டம் அப்போது நிஜமாகவே உயிரோடு இருக்கும். 2006-ல் ஃபுளோரிடா அணி கிறிஸ் லீக்கை ஸ்டார்ட்டராக வைத்துக்கொண்டே, முதலாண்டு மாணவர் டிம் டீபோவைச் சில பிளேக்களுக்கென்று உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. இறுதிப் போட்டியில் ஒஹாயோ ஸ்டேட்டை 41-14 என்று வென்றார்கள். அடுத்த வருடம் டீபோ ஸ்டார்ட்டராகி ஹைஸ்மன் வாங்கினார்.

ஆனால் இரண்டு பேரும் நெருங்கிய திறமை உள்ளவர்களாக இருந்தால் இது பூசலில் முடியும். 2018-ல் கிளெம்சன் முதல் நான்கு ஆட்டத்தில் கெல்லி பிரையன்டையும் ட்ரெவர் லாரன்ஸையும் மாற்றி மாற்றி ஆடவிட்டது. பிறகு லாரன்ஸ்தான் ஸ்டார்ட்டர் என்று அறிவித்தார்கள். அந்த வருடம் வந்த புது விதிப்படி நான்கு ஆட்டத்துக்குள் நிறுத்திக்கொண்டால் கல்லூரியில் ஆடும் தகுதியில் ஒரு வருடம் மிச்சமாகும், ஆகவே பிரையன்ட் அந்த வாரமே அணியை விட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தச் சனிக்கிழமையே, செப்டம்பர் 29-ல், சிரக்யூஸுக்கு எதிராக லாரன்ஸுக்கு அடிபட்டது. மிஞ்சியிருந்தவர் சேஸ் பிரைஸ், சாய்ந்துவிட்ட ஆட்டங்களின் கடைசியில் கொஞ்சம் ஆடியிருந்த மூன்றாவது ஆள். நான்காம் குவார்ட்டரில் 94 யார்டு டிரைவ் ஒன்றை அவர் நடத்தினார். நான்காவது டவுன், ஆறு யார்டு தேவை என்ற இடத்தில் டீ ஹிக்கின்ஸுக்கு 20 யார்டு பாஸ். கிளெம்சன் 27-23 என்று வென்றது. அந்த சீசனை 15 ஆட்டமும் வென்று முடித்து, அலபாமாவை 44-16 என்று தோற்கடித்துப் பட்டம் வாங்கினார்கள். அந்த ஒரு டிரைவ் தோற்றிருந்தால் கதையே வேறு.

நான்கு ஆட்ட விதி முதலாண்டுப் பையன்களுக்குப் பெரிய வரம். எந்த நான்கு ஆட்டம் என்று யோசித்துப் பயன்படுத்த வேண்டும். செப்டம்பரில் சிறிய அணிகளோடு ஆடும் இரண்டு, மீதி இரண்டை நவம்பருக்கு மிச்சம் வைப்பது நல்லது. 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்) வந்த பிறகு, உட்கார்ந்தே இருக்கும் பேக்கப் சீசன் முடிந்ததும் வேறு கல்லூரிக்குப் போய்விடுகிறார். நிஜமான ஆட்டம் கொடுப்பதுதான் அவரைத் தக்கவைக்கும் வழியும்கூட.

பயிற்சியிலேயே தயார் செய்தால் போதாதா?

போதும் என்பவர்கள் கார்டேல் ஜோன்ஸைக் காட்டுவார்கள். 2014-ல் ஒஹாயோ ஸ்டேட்டின் முதல் இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் காயத்தில் விழ, மூன்றாவது ஆளான அவர் தன் முதல் மூன்று ஸ்டார்ட்டில் விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஆரிகனை 42-20 என்று வென்று பட்டம் கொடுத்தார். அற்புதம்தான். ஆனால் அது அபூர்வம் என்பதால்தான் இன்னும் பேசுகிறோம். பயிற்சியில் குவார்ட்டர்பேக்கைத் தொடக்கூடாது என்பது வழக்கம், வேறு நிறத்தில் ஜெர்சி போட்டு விடுவார்கள். அடிபடப் போகிறோம் என்று தெரிந்தே நின்று எறிவதை அங்கே பழக முடியாது.

என்.எஃப்.எல்-லில் நிலைமை வேறு. அங்கே பேக்கப் பல சமயம் பத்து வருட அனுபவசாலி, ஆட்டங்களும் அவ்வளவு சாய்வதில்லை. அங்கே பயிற்சியை நம்பலாம். இருந்தாலும் 2021-லிருந்து முன்சீசன் ஆட்டங்கள் நான்கிலிருந்து மூன்றாகிவிட்டதால், இளம் பேக்கப்புகளுக்குக் கதவு அங்கேயும் குறுகிவிட்டது. பிராக் பர்டி 2022-ல் தேர்வின் கடைசி ஆளாக, 262-வதாக, சான் ஃபிரான்சிஸ்கோ வந்தவர். அக்டோபரில் கான்சாஸ் சிட்டியிடம் 44-23 என்று தோற்ற ஆட்டத்தின் கடைசியில் அவரை இறக்கினார்கள். டிசம்பர் 4-ல் ஜிம்மி கரோப்போலோ கால் முறிந்து வெளியேறியபோது பர்டி உள்ளே வந்து மயாமியை 33-17 என்று வென்றார், அதன் பிறகு அந்த இடத்தை விடவில்லை.

உயர்நிலைப் பள்ளியில் மணி ஓடிவிடும்

பள்ளி ஆட்டங்களுக்கு நான் சொன்ன மூன்றாம் குவார்ட்டர் வழி அப்படியே பொருந்தாது. பல மாநிலங்களில் இரண்டாம் பாதியில் 35 புள்ளி வித்தியாசம் வந்தால் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓட விடுவார்கள். ஆறு பேர் ஆடும் ஃபுட்பாலில் இடைவேளைக்குப் பிறகு 45 புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டமே முடிந்தது. தோற்கிற பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த விதிகள், வேண்டியவைதான். ஆனால் பேக்கப் பையன்கள் உள்ளே வரும் அதே நிமிடத்தில் நேரம் கரைய ஆரம்பிக்கிறது. கனெக்டிகட் மாநிலம் 2006-ல் இன்னொன்று செய்து பார்த்தது: 50 புள்ளிக்கு மேல் ஜெயித்தால் பயிற்சியாளருக்கு அடுத்த ஆட்டத்தில் தடை. அது இன்னும் மோசம், ஏனென்றால் இரண்டாம் வரிசைப் பையன் ஒருவன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பந்தோடு ஓடும்போது, போய்ச் சேராதே என்று சொல்ல வேண்டி வரும். பிற்பாடு அந்த விதியைக் கைவிட்டார்கள். பள்ளியில் பேக்கப்பை இரண்டாம் குவார்ட்டரிலேயே, மணி சாதாரணமாக ஓடும்போதே இறக்குவது நல்லது. மீதியை ஜூனியர் வார்சிட்டி (பள்ளியின் இரண்டாம் அணி) ஆட்டங்கள் பார்த்துக்கொள்ளும்.

தோற்கும் அணிக்கும் இதே முடிவு இருக்கிறது

இதுவரை ஜெயிக்கிறவர்களைப் பற்றியே பேசினேன். 30 புள்ளி பின்தங்கிய அணியின் பயிற்சியாளருக்கு இந்த முடிவு எளிதாகத் தெரியலாம், இழக்க ஒன்றுமில்லை என்று. 1984 நவம்பர் 10-ல் மேரிலாந்து கல்லூரி அணி இடைவேளையில் மயாமி கல்லூரி அணியிடம் 31-0 என்று பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் பேக்கப் ஃபிராங்க் ரைக்கை இறக்கினார்கள். 42-40 என்று வென்றார்கள். அதே ரைக் 1993 ஜனவரி 3-ல், ஜிம் கெல்லி காயத்தில் இருந்ததால், பஃபலோ பில்ஸ் அணிக்காக ஆடினார். ஹூஸ்டன் 35-3 என்று முன்னிலை பெற்ற பிறகு கூடுதல் நேரத்தில் 41-38 என்று வென்றார்கள்.

இதைப் படித்துவிட்டு, தோற்கும்போது பேக்கப்பை இறக்கினால் அதிசயம் நடக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். தோற்கும் அணியில் முதலில் பார்க்க வேண்டியது, ஸ்டார்ட்டர் ஏன் திணறுகிறார் என்பது. லைன் உடைந்துபோய் அவர் ஒவ்வொரு தடவையும் கீழே விழுகிறார் என்றால், அந்த லைனுக்குப் பின்னால் 19 வயதுப் பையனை அனுப்புவது கொடுமை. ஸ்டார்ட்டரை வெளியே எடுங்கள், ஆனால் உள்ளே போகிறவருக்கு மூன்று எட்டு பின்வாங்கி உடனே எறிந்துவிடும் குறும்பாஸ்களும் ஓட்ட ஆட்டங்களும் மட்டும் கொடுங்கள். லைன் நன்றாகத் தாங்குகிறது, ஸ்டார்ட்டர்தான் தப்பான இடத்துக்கு எறிந்துகொண்டே இருக்கிறார் என்றால், இடைவேளையிலேயே மாற்றி, பேக்கப்புக்கு முழு பிளேபுக்கையும் திறந்துவிடுங்கள். எதிரணி அப்போது தன் இரண்டாம் வரிசையை இறக்க யோசித்துக்கொண்டிருக்கும். அதற்கு முன் கிடைக்கும் இரண்டு டிரைவை வீணாக்கக்கூடாது.